மலைக்கு வராத ஓட்டுப் பெட்டி

பிரிவதா, சேர்வதா என்று மக்களிடமே கேட்டுவிடலாம் என்பது எளிய யோசனை. யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பயமும் கோபமும் உச்சத்தில் இருந்த 2011 டிசம்பரில், மூணாறிலும் உடும்பன்சோலைப் பக்கமும் தமிழ்த் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். தேயிலைத் தோட்டத்திலும் ஏலத் தோட்டத்திலும் கூலி வேலை செய்பவர்கள். அவர்கள் எழுப்பிய கோஷம் அணையின் நீர்மட்டத்தைப் பற்றியதல்ல. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டதாக டெல்லி நினைத்திருந்த ஒரு வழக்கு, மறுபடியும் தெருவுக்கு வந்துவிட்டது.

எதிர்வினைகள் வர நேரமாகவில்லை. தமிழ்நாட்டில் மேடைகள் சூடேறின. பீர்மேடு நம்மிடம் இருந்திருந்தால் அணைத் தகராறே வந்திருக்காது என்று பழைய கணக்கைத் திறந்தார்கள். அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில் என்பதால் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கேரளத்திலோ, இத்தனை காலம் இங்கே பிழைத்தவர்கள் இப்படிக் கேட்கலாமா என்ற வருத்தமும், இவர்களை நம்பலாமா என்ற சந்தேகமும் சேர்ந்து எழுந்தன. குமுளியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் மோதல்கள் நடந்தன. ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு காட்டுப் பாதைகளில் இறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடி வந்தார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் கல்லெறிக்கு ஆளாயின. மேடையில் பேசியவர்களில் யாரும் வீட்டை விட்டு ஓடவில்லை.

அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா, நீடிப்பதா என்று பிரிட்டன் தன் மக்களைக் கேட்டது. விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவிகிதம். நீடிக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவிகிதம். மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரூன் பதவி விலகப் போவதாக அறிவித்தார். இன்னொரு முறை ஓட்டெடுப்பு நடத்தக் கோரும் மனுவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். லண்டனில் போலந்து நாட்டவரின் கலாசார மையத்தின் சுவரில் வசை எழுதப்பட்டது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே, நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் கொலை செய்யப்பட்டிருந்தார்.

இருந்தாலும் ஒரு நாடு தன் மக்களை நேரடியாகக் கேட்டது என்பது பலருக்கும் கவர்ச்சியாகவே தெரிந்தது. எல்லைத் தமிழர்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியிலும் எழுவது வழக்கம். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிறந்த நாள் அது. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் பாலக்காட்டை அடுத்த சித்தூரிலும் அன்று ஓட்டுப் பெட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதில் சொல்வதற்கு முன், வைக்காமல் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

திருவிதாங்கூரின் தமிழர்கள் 1945-ல் தனி அமைப்பு கண்டார்கள். அதுவே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. மார்ஷல் நேசமணி அதன் முகம். இந்திய காங்கிரஸின் தலைமையை எதிர்த்தே தேர்தலில் நின்று, 1952-ல் 8 இடங்களையும் 1954-ல் 12 இடங்களையும் அது பிடித்தது. கோரிக்கையில் 9 தாலுகாக்கள் இருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். முதல் ஆறும் தெற்கே. தேவிகுளமும் பீர்மேடும் மலையில். சித்தூர் பாலக்காட்டுக் கணவாயில், பழைய கொச்சி ராஜ்யத்தின் துண்டு.

1954 ஜூலையில் நேசமணியும் அவருடைய சகாக்களும் தடையை மீறித் தேவிகுளம் சென்று கைதானார்கள். அந்தக் கைதுதான் தெற்கே தீயை மூட்டியது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். அப்போது முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. சொந்தக் கட்சி ஆட்சியே மக்களைச் சுட்டால் அது பதவியில் இருக்கலாகாது என்று அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா கூறியது தேசிய அளவில் விவாதமாகி, கட்சியையே உடைத்தது.

டெல்லி அதற்குள் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்துவிட்டது. பசல் அலி தலைவர். குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்கள். பணிக்கர் மலையாளி என்பதைத் தமிழ்நாட்டில் இன்றுவரை மறக்கவில்லை. 1955 செப்டம்பரில் வந்த அறிக்கை தெற்கே இருந்த நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தது. நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையில் ஒரு பகுதி மட்டுமே கடைசியில் வந்து சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் தங்கின.

மலைத் தாலுகாக்களை விட்டுக் கொடுக்க முடியாது என்பதற்குத் திருவிதாங்கூர்-கொச்சித் தரப்பு காட்டிய காரணங்கள் பல. நீர் மின்சாரம், தேயிலை, ஏலம், ஜன நெருக்கடியால் நிலம் தேடும் மலையாள விவசாயி என்று பட்டியல் நீண்டது. அவற்றில் ஒரு வாதம் தனியே கவனிக்க வேண்டியது. தேவிகுளத்தில் தமிழர்கள் அதிகம் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள், அந்த மண்ணின் நிலையான குடிகள் அல்ல என்று சொல்லப்பட்டது. கண்ணன் தேவன் மலையில் காட்டை வெட்டித் தேயிலை நட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அந்தக் குடும்பங்களில் பல, 1955-க்குள் இரண்டு மூன்று தலைமுறைகளை அங்கேயே புதைத்திருந்தன. வட்டவடை, காந்தளூர் போன்ற கிராமங்களின் தமிழர்களோ தேயிலைக்கும் முன்பே மலையேறியவர்கள். கணக்கில் இரு சாராரும் ஒன்றாகவே கரைந்து போனார்கள்.

தேயிலைத் தொழிலாளியை இப்படிக் கணக்கிலிருந்து தள்ளி வைப்பது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. பிரிவினையின்போது 1947 ஜூலையில் அசாமின் சில்ஹெட் மாவட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவில் இருப்பதா, கிழக்கு வங்கத்தோடு சேர்வதா என்பது கேள்வி. 2,39,619 பேர் கிழக்கு வங்கம் என்றார்கள். 1,84,041 பேர் அசாம் என்றார்கள். அங்கே பெட்டி வந்தது. ஆனால் சில்ஹெட்டின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களும் நிலையான குடிகளாகக் கருதப்படவில்லை.

இலங்கை மலையகத்தில் நடந்தது இன்னும் பெரியது. 1948-ன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்தி வைத்தார்கள். எந்த லயத்திலும் போய், உனக்கு எந்த நாடு வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை. சில்ஹெட், மலையகம், தேவிகுளம் என மூன்று இடங்களிலும் முடிவு மூன்று விதம். மூன்றிலும் கொழுந்து பறித்தவர்களின் அபிப்பிராயம் தேவைப்படவில்லை.

பிரிட்டனும் இதில் விதிவிலக்கு இல்லை. 2016-ல் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். பிரிட்டனில் சட்டப்படி வசித்த காமன்வெல்த் நாட்டவர்களுக்கு ஓட்டு இருந்தது. லண்டனில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆன இந்தியக் குடிமகன் ஐரோப்பாவின் தலைவிதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம். அதே தெருவில் இருபது வருடமாக வரி கட்டி வாழும் பிரெஞ்சுக்காரருக்கோ போலந்துக்காரருக்கோ ஓட்டு இல்லை. யாருடைய வாழ்க்கை நேரடியாகப் பாதிக்கப்படுமோ அவர்களே வரிசையில் நிற்க முடியவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் 16 வயதுப் பிள்ளைகளும் ஓட்டளித்தார்கள். 2016-ல் அந்த வயதுக்காரர்களுக்கு இடமில்லை. வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கும்போதே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

எல்லையில் வாழ்கிறவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் பெரிய எண்ணிக்கையில் காணாமல் போகும். வட அயர்லாந்தில் 55.8 சதவிகிதம் பேர் நீடிக்க வேண்டும் என்றார்கள். ஸ்பெயினை ஒட்டிய ஜிப்ரால்டரில் 95.9 சதவிகிதம். ஸ்காட்லாந்தில் 62 சதவிகிதம். மூன்றுக்கும் பயன் இல்லை. 2020 ஜனவரி 31 அன்று எல்லோரும் சேர்ந்தே வெளியேறினார்கள். அயர்லாந்துத் தீவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. 1998-ன் சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை யாரும் நின்று பார்த்ததில்லை. விலகல் முடிவான பிறகு, சுங்கச் சாவடியை எங்கே வைப்பது என்பதற்கே லண்டனும் பிரஸ்ஸல்ஸும் வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றன. ஓட்டுச் சீட்டில் வட அயர்லாந்து என்ற சொல்லே கிடையாது.

இந்தியாவுக்கு இந்த முறை தெரியாததல்ல. கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைப்பதா, யூனியன் பிரதேசமாகவே விடுவதா என்று 1967 ஜனவரி 16 அன்று மக்களைக் கேட்டார்கள். இணைப்புக்குப் பூச் சின்னம். தனித்து இருக்க இரண்டு இலை. தேர்தல் நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக, இணைப்பை விரும்பிய முதலமைச்சர் பண்டோட்கர் பதவி விலகிக் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழி விட்டார். இலைக்கு 1,72,191 ஓட்டு, பூவுக்கு 1,38,170. இணைப்பு தோற்றது. தோற்றவர்கள் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். சில வாரங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மக்கள் அதே பண்டோட்கரை மறுபடி முதலமைச்சர் ஆக்கினார்கள்.

கோவா ஒரு நல்ல உதாரணம்தான். ஆனால் அங்கேயும் ஓட்டெடுப்போடு கதை முடியவில்லை. கொங்கணி ஆட்சி மொழியாவதற்கும் கோவா மாநிலமாவதற்கும் 1987 வரை இருபது ஆண்டு போராட வேண்டியிருந்தது. எந்த மாநிலம் என்று முடிவான பிறகு, அந்த மாநிலத்தில் என் மொழிக்கும் பிழைப்புக்கும் என்ன இடம் என்பது தனிக் கேள்வியாக நிற்கிறது. தேவிகுளத்துக்கும் சித்தூருக்கும் இதுதான் முக்கியமான பாடம்.

சித்தூரை எடுத்துக் கொள்ளலாம். கோழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று கோவை, பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், தாலுகா ஆபீசில் மலையாளம். கேரளத்தில் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடப்படும் ஆறு மாவட்டங்களில் பாலக்காடும் இடுக்கியும் உண்டு. மொழி என்று வந்தால் இந்த விவசாயிகள் யார் பக்கம் என்பதில் சந்தேகம் வராது.

தண்ணீர் என்று வந்தால் நிலைமை தலைகீழ். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு சித்தூர்ப் பள்ளத்தாக்குக்குத் தர வேண்டும். மழை குறையும் ஆண்டுகளில் இந்தக் கணக்கில் தகராறு வரும். அப்போது தமிழ்நாடு தண்ணீர் விடவில்லை என்று குரல் கொடுக்கும் கூட்டத்தில் சித்தூரின் தமிழ் விவசாயியும் இருக்கிறார். அவருடைய வயல் கேரளத்தில் இருக்கிறது. தண்ணீரும் கேரளத்தின் பங்கில்தான் வர வேண்டும்.

எதிர்த் திசையிலும் இதே கதை. 1956-ல் வென்று தமிழ்நாட்டுக்கு வந்த விளவங்கோடு தாலுகா, நெய்யாறு இடதுகரைக் கால்வாயை நம்பியிருந்தது. அணை கேரளத்தில் தங்கிவிட்டது. 2004-லிருந்து கால்வாயில் தண்ணீர் வருவது நின்றுபோனது. போராடிப் பெற்ற எல்லையின் விலையை விவசாயி ஐம்பது வருடம் கழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். பரம்பிக்குளமோ இன்னொரு விசித்திரம். காடும் அணையும் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கின்றன. சாலை வழியே போக வேண்டும் என்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். அணையை இயக்குவது தமிழ்நாடு. மலை போட்ட கோடு ஒன்று, மொழி போட்ட கோடு ஒன்று, டெல்லி போட்ட கோடு ஒன்று. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியதே இல்லை.

அப்படியானால் 2011-ல் மூணாறில் எழுந்த கோஷத்துக்கு என்ன அர்த்தம்? தமிழ்நாட்டில் அது இனப் பற்றாகக் கேட்டது. திருவனந்தபுரத்தில் துரோகமாகக் கேட்டது. பின்னால் நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் அது வேறு எதையோ சொல்ல வந்ததாகப் படுகிறது.

2015 செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 20 சதவிகித போனஸ் கேட்டார்கள், ஒன்பது நாளில் வென்றார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அதன் பிறகு 301 ஆனது. பல பத்தாண்டுகளாகத் தங்கள் பெயரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. கேரளம் அந்தப் பெண்களைக் கொண்டாடியது. அந்த ஒன்பது நாட்களில் பேசப்பட்டவை கூலியும் வீடும் மருத்துவமும். எந்த மாநிலம் என்ற பேச்சு முன்னுக்கு வரவில்லை.

ஐந்து வருடம் கழித்து 2020-ல் கொரோனா வந்தது. வாளையாறு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எல்லா வழிகளும் அடைபட்டன. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகு, வெறும் கோடாக இருந்த எல்லை மறுபடியும் கதவாகியது. மே மாதத்தில் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாறில் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள். வரிசையாகக் கட்டப்பட்ட ஓர் அறை வீடுகளில் சொந்தக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால், சில குடும்பங்கள் அடியோடு போயின. லயம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்களை 1955-ல் 'நிலையற்றவர்கள்' என்று சொன்னது சுலபமாக இருந்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. நிலையாக இருப்பதற்கான நிலத்தை யாரும் கொடுக்கவில்லை.

அந்தப் பழைய சொல் நீதிமன்றத்திலும் திரும்பி வந்தது. தேவிகுளம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. 2021-ல் அங்கே வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவர் தேர்தல் செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அவர் தேர்வு செல்லும் என்றது. அவர் கிறிஸ்தவரா, இந்துவா என்பது ஒரு விவாதம். இன்னொரு விவாதம், 1950-ல் குடியரசுத் தலைவரின் அட்டவணைச் சாதி ஆணை வந்தபோது அவர் முன்னோர் கேரளத்துப் பகுதியில் குடியிருந்தார்களா, பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களா என்பது. ஒரு மாநிலத்தின் அட்டவணைச் சாதிச் சலுகை அந்தத் தேதிக்குப் பிறகு குடிபெயர்ந்தவர்களுக்குப் புதிய மாநிலத்தில் கிடைக்காது என்பதுதான் சட்டம்.

சட்டமன்ற உறுப்பினருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வழி இருக்கிறது. லயத்தில் இருக்கும் ஒரு மாணவிக்கு அந்த வழி இல்லை. சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் 1950-க்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நிலப் பத்திரம் இருக்கிறவர்களுக்கு இது ஒரு காகிதம். நிலமே இல்லாதவர்களுக்கு எஸ்டேட்டின் பழைய பதிவேட்டையோ தாத்தாவின் பள்ளிச் சான்றையோ தேடும் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் தாத்தாவின் சாதிக்குக் கிடைக்கும் சலுகை, அந்தப் பக்கம் பேத்திக்குக் கிடைக்குமா என்பது 1950-ல் தாத்தா எந்தச் சரிவில் கொழுந்து பறித்தார் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவையும் பார்த்தால், தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லத் தோன்றும். தமிழ்நாட்டின் மலைகள் அப்படிச் சொல்ல விடுவதில்லை. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்கு ஓடித் தாமிரபரணியில் விழுந்து 17 பேர் இறந்தார்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடியப் போகிறது என்பதால், 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து எல்லோரையும் இறக்கத் தொடங்கியது. நாலு தலைமுறையாகத் தமிழ்நாட்டிலேயே, தமிழர்களாகவே வாழ்ந்தவர்கள் அவர்கள். எங்கே போவது என்று அவர்களும் நீதிமன்றப் படியேறினார்கள். எந்த மாநிலத்தில் இருந்தாலும் லயம் லயம்தான்.

ஆகவே தேவிகுளத்தில் பெட்டி வைத்தால் என்ன பதில் வரும் என்று ஊகிப்பதைவிட, சீட்டில் என்ன கேள்வி அச்சிடுவது என்று யோசிப்பது பயனுள்ளது. தமிழ்நாடா, கேரளமா என்று கேட்டால் ஒரு பதில் வரும். ஓய்வுக்குப் பிறகு வீடு வேண்டுமா, பிள்ளைக்குத் தமிழ் வாத்தியார் வேண்டுமா, ரேஷன் கடை நோட்டீஸ் படிக்கிற மொழியில் வேண்டுமா என்று கேட்டால் வரும் பதில்கள் எண்ணாமலே தெரிந்தவை. பிரிட்டனில் விலக வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்கள் மனத்திலும் ஆஸ்பத்திரியும் வேலையும் மூடிய தொழிற்சாலையும் இருந்தன. சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள். கட்டத்துக்குள் அடங்காத கோபத்தை அதற்குள் திணித்ததால் வந்த தலைவலிதான் அடுத்த நான்கு வருடமும்.

பிரிய வேண்டும் என்ற குரலை இது தவறாக்கிவிடாது. கேட்க ஆள் இல்லாதபோது மனிதர்கள் உரக்கப் பேசுவார்கள். தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனால்தான் திருவனந்தபுரம் மலை மேல் திரும்பிப் பார்க்கிறது என்றால், குறை ஊர்வலம் போனவர்களிடம் இல்லை. அதே சமயம், அந்தக் குரலைக் கீழேயிருந்து தூண்டிவிடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மோதல் வெடித்தால் அடி விழுவது ஏலத் தோட்டத்தில் நிற்கும் பெண்ணுக்கும், கோவையில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளிக்கும்.

கேரளத்தின் கையில் ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றன. 1969-ன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையைத் தருகிறது. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று குமாஸ்தா வேலைகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனியாக அறிவிக்கிறது. பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிய 2017-ன் சட்டத்தை, தமிழை வெளியே தள்ளாமல் அமல்படுத்த முடியும். மலையாளம் படிப்பதில் எல்லைத் தமிழர்களுக்கு ஆட்சேபம் இல்லை. வேலைக்கும் கோர்ட்டுக்கும் அது வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழுக்கு வாத்தியார் இல்லாமல் போவதுதான் அவர்களுக்குப் பயம்.

தமிழ்நாட்டுக்கும் வேலை உண்டு. நவம்பர் முதல் தேதியில் எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு மாலை போடுவது நல்ல காரியம். அதோடு, எல்லைப் பள்ளிகளுக்குப் பாடப் புத்தகம், கயத்தாற்றிலோ சங்கரன்கோவிலிலோ கிடக்கும் பழைய பதிவுகளிலிருந்து பூர்வீகச் சான்று, மாஞ்சோலையில் இறக்கப்பட்டவர்களுக்கு வீடு என்று செய்யக்கூடியவை நிறைய. தன் மலையில் இருக்கும் தொழிலாளிக்குக் கூரை கொடுத்த பிறகு அடுத்த மலையைக் கேட்டால், கேட்பதற்கு வலு இருக்கும்.

எல்லைக் கோட்டை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். லயத்துக்குப் பட்டா கொடுக்க ஒரு வருவாய்த் துறை உத்தரவும் கம்பெனியோடு ஓர் உடன்பாடும் போதும். சாதிச் சான்றுக்கு எஸ்டேட் பதிவேட்டை ஆதாரமாக ஏற்க ஒரு சுற்றறிக்கை போதும். ஓட்டுப் பெட்டி அந்த மலைகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அடுத்த முறை இந்த இரண்டு தாள்களையும் கேட்கலாம்.